கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்: நகரும் ஸ்கேன் கருவியைச் சோதித்துப் பார்ப்பது யார்?

தேனி மாவட்டம் பொட்டிப்புரம் என்றதுமே பலருக்கும் நியூட்ரினோதான் ஞாபகம் வரும். 2015 ஜனவரியில் அந்த ஆய்வகத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிறகு, ‘கதிர்வீச்சு வருமா, வராதா’ என்று பெரிய விவாதமே நடந்தது. ஆனால் அதே ஊரில் ஒரு பெண்ணுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முற்றிய நிலையில் தெரியவந்தால், அவரைக் காப்பாற்றப் போவதும் கதிர்வீச்சுதான். அந்தப் பேச்சு மட்டும் எங்கும் காணோம்.

2022இல் மட்டும் இந்தியாவில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் வந்ததாகவும், ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் இறந்ததாகவும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டிருக்கிறது. சிகிச்சையில் முதலில் ஐந்து வாரம் வெளியிலிருந்து கதிர் கொடுப்பார்கள். அதோடு முடிந்துவிடாது. அடுத்தது பிராக்கிதெரபி. கர்ப்பப்பைக்குள் அப்ளிகேட்டர் என்னும் மெல்லிய குழாயைப் பொருத்தி, அதன் வழியாக இரிடியம்-192 என்ற சின்னஞ்சிறு கதிர் மூலத்தை உள்ளே அனுப்பி, சில நிமிடங்கள் நிறுத்தித் திரும்ப எடுப்பார்கள். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு தடவை. பொட்டிப்புரத்திலிருந்து மதுரைக்குச் சுமார் 110 கி.மீ.; ஒவ்வொரு தடவையும் அந்தப் பயணம் என்றால் சும்மா இல்லை.

சிக்கல் எங்கே வருகிறது? குழாயைப் பொருத்துவது ஓர் அறை. ஸ்கேன் எடுப்பது இன்னோர் அறை, சில சமயம் வேறு மாடி. நோயாளியை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றி, ஸ்கேன் மேசையில் ஏற்றி இறக்கும்போது குழாய் லேசாக நகரலாம். லேசாகத்தானே என்று விட முடியாது. கதிர் மூலத்தை ஒரு புள்ளியாக வைத்துக் கணக்குப் போட்டால், 2 செ.மீ. தொலைவில் இருக்கும் திசு வெறும் 1 மி.மீ. நெருங்கினாலே அதன் மீது விழும் அளவு 10 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். பக்கத்திலேயே சிறுநீர்ப்பையும் மலக்குடலும் இருக்கின்றன.

அதனால்தான் ஸ்கேனை நோயாளி இருக்கும் இடத்துக்கே உருட்டிக்கொண்டு வரும் யோசனை. அல்ட்ராசவுண்டும் சி-ஆர்மும் ஏற்கெனவே உதவுகின்றன. இப்போது சக்கரம் வைத்த கோன் பீம் சி.டி. கருவிகளும் வந்துவிட்டன. நல்ல விஷயம். ஆனால் மெஷின் வந்தாச்சு, ரிப்பன் வெட்டியாச்சு என்பதோடு வேலை முடிவதில்லை.

நிலையாக ஒரே அறையில் இருக்கும் சி.டி.க்கு இல்லாத தலைவலி இதற்கு உண்டு: உருட்டும்போது வாசற்படியில் இடிக்கும், கை லேசாகத் தொய்யும். ஆகவே, இடைவெளி துல்லியமாகத் தெரிந்த மணிகள் பதித்த ‘ஃபேன்டம்’ என்ற மாதிரிப் பொருளைப் படம் எடுத்து, அந்த இடைவெளி படத்திலும் அப்படியே வருகிறதா என்று அளக்க வேண்டும். கருவியை ஒரு சுற்று நகர்த்திவிட்டு மறுபடியும் அளக்க வேண்டும். அப்ளிகேட்டரைத் தண்ணீரில் வைத்து, உலோகத்தால் படத்தில் கோடு கோடாக வரும் குளறுபடி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். படத்தில் தெரியும் பாதையும் இரிடியம் உண்மையில் நிற்கும் இடமும் ஒத்துப்போகின்றனவா என்பதை ஃபிலிமில் சரிபார்க்க வேண்டும். இடுப்பு அகலமானவர்களுக்கு ஓரம் வெட்டுப்படாமல் படம் விழுகிறதா என்பதும் முக்கியம்.

நியூட்ரினோ திட்டத்தில்கூட 50,000 டன் கருவியை நேரடியாகக் கட்டக் கிளம்பவில்லை. 85 டன்னில் ஒரு சின்ன மாதிரியை மதுரையில் நிறுவி ஓட்டிப் பார்த்தார்கள். சிகிச்சைக் கருவிக்கு அந்தப் பொறுமை இன்னும் அதிகமாகவே தேவை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கோன் பீம் படத்தில் குழாய் நன்றாகத் தெரியும். கட்டியின் எல்லை எம்.ஆர்.ஐ. அளவுக்குத் தெரியாது. அதனால் முதல் தடவையாவது எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு, அடுத்தடுத்த தடவைகளுக்கு நகரும் கருவியை வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும் வழி.

எக்ஸ்ரே கருவிகளுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியும் தரச் சோதனையும் கட்டாயம். ஆனால் அது பொதுவான சோதனை. அப்ளிகேட்டரோடு எடுத்த படத்தை நம்பலாமா என்பதை அந்தந்த மருத்துவமனையின் மருத்துவ இயற்பியலாளர்தான் செய்து பார்த்தாக வேண்டும். அதற்கு ஃபேன்டமும் வேண்டும், நோயாளிகள் இல்லாத நேரமும் வேண்டும். எனவே அரசு மருத்துவமனைகளுக்கு இப்படிப்பட்ட கருவி வாங்க டெண்டர் விடும்போது, ஃபேன்டமும் பயிற்சியும் அந்தப் பட்டியலிலேயே சேர வேண்டும். இயற்பியலாளர் பணியிடம் காலியாக இருந்தால் முதலில் அதை நிரப்பிவிட்டுத்தான் கருவியை இறக்க வேண்டும்.