பழைய டிராக்டர்: ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவதே அதிகம்!

கேள்வி: "எங்களுக்கு 3 ஏக்கர் நஞ்சை. அப்பா 1996-ல் வாங்கிய மாஸ்ஸி 1035 டிராக்டர் வீட்டில் இருக்கிறது. உழவுக்கு வாடகை வண்டி வந்துவிடுவதால், வருடத்தில் 20, 25 நாள்தான் இதற்கு வேலை. மற்ற நாளெல்லாம் வாசலில் வேப்பமரத்தடியில், வைக்கோல் போருக்குப் பக்கத்தில், தார்ப்பாய் மூடி நிற்கிறது. சாவி போடும் சுவிட்ச் கெட்டுவிட்டதால், கீழே நின்று ஸ்குரூடிரைவர் வைத்துத்தான் ஸ்டார்ட் செய்கிறோம். பையன் பழைய இரும்புக்குப் போடச் சொல்கிறான். எனக்கு மனசு வரவில்லை. வைத்துக்கொள்ளலாமா? வைத்துக்கொண்டால் எங்கே, எப்படி நிறுத்துவது?"

- ஒரு வாசகர், மன்னார்குடி.

பதில்: வைப்பதா, விற்பதா என்பது பிறகு. கடிதத்தில் போகிற போக்கில் சொன்ன ஸ்குரூடிரைவர் விஷயம்தான் முதலில். அதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

கீழே நின்று செல்ஃப் மோட்டாரின் முனைகளை இணைக்கும்போது, ஆள் நிற்பது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில். வண்டி கியரில் இருந்தால், இன்ஜின் பிடித்த அதே நொடியில் வண்டி நகரும். பின் சக்கரம் நேராக ஆள் மேல்தான் ஏறும். டீசல் இன்ஜின் ஒருமுறை பிடித்துவிட்டால், பேட்டரி ஒயரைப் பிடுங்கினாலும் நிற்காது. ஸ்டாப் கம்பியை இழுத்தால்தான் நிற்கும். அது சீட்டுக்கு முன்னால் இருக்கிறது. கீழே இருப்பவருக்கு எட்டாது. 'நியூட்ரலில்தானே விட்டோம்' என்று நினைத்தவர்கள்தான் இப்படி அடிபடுகிறார்கள். முதல் நாள் வண்டி மேல் ஏறி விளையாடிய பேரப்பிள்ளை கியரைத் தட்டியிருந்தால் யாருக்குத் தெரியும்? சாவி சுவிட்சை மாற்றுவது ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. அதை மாற்றிய பிறகு, சீட்டில் உட்கார்ந்து, கிளட்ச்சை மிதித்து, கியரைக் கையால் அசைத்துப் பார்த்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். சாவி வீட்டுக்குள் ஆணியில் தொங்க வேண்டும், வண்டியில் அல்ல.

வைக்கலாமா, விற்கலாமா?

மூன்றைப் பார்த்து முடிவெடுங்கள். முதலாவது இன்ஜின். நன்றாகச் சூடான பிறகு, மெதுவாக ஓடும்போது, இன்ஜின் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான ஆவி வந்தால் பரவாயில்லை. புகை குபுகுபுவென்று தள்ளினால் பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கின்றன. சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் அளவுக் கம்பியில் மோர் போல வெள்ளையாக இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. இரண்டாவது பிரேக்கும் ஸ்டீயரிங்கும். காலியான வயலில் மெதுவாக ஓட்டி, இரண்டு பிரேக்கையும் சேர்த்து மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்காமல் நேராக நிற்க வேண்டும். மூன்றாவது உதிரி பாகம். உங்கள் வண்டிக்கு அந்தக் கவலை குறைவு. இந்த மாடல் ஊருக்கு ஊர் ஓடுவதால் பாகமும் கிடைக்கும், பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார்.

இன்ஜின் செலவு வைக்கும் என்றால் ஒரு கணக்குப் போடுங்கள். டிரெய்லர் ஓட்ட, தண்ணீர் இறைக்க, தட்டை வெட்ட என்று இந்த வண்டி செய்யும் வேலைக்கு வெளியிலிருந்து ஆளும் வண்டியும் அழைத்தால் வருடத்துக்கு என்ன ஆகும்? மூன்று வருடத் தொகைக்குள் பழுது பார்க்கும் செலவு அடங்கினால் வைத்துக்கொள்ளுங்கள். அடங்காவிட்டால், ஓடும் நிலையில் இருக்கும்போதே விற்றுவிடுங்கள். ஓடுகிற வண்டிக்கு ஒரு விலை, இரும்புக்கு ஒரு விலை.

எங்கே நிறுத்துவது?

வைக்கோல் போர் பக்கத்தில் நிறுத்தவே கூடாது. பழைய சைலன்சரிலிருந்து கரிப்பொறி பறக்கும். போருக்கும் வண்டிக்கும் குறைந்தது 50 அடி இடைவெளி வேண்டும். கீற்றுக் கொட்டகையும் இதே காரணத்தால் ஆகாது. தார்ப்பாயைத் தரை வரை இழுத்து மூடுவதும் தவறு. தரை ஈரம் உள்ளேயே தங்கித் துருப்பிடிக்கும், எலிக்கும் நல்ல வீடு.

10 அடி அகலம், 16 அடி நீளத்தில் தகரக் கொட்டகை போதும். கலப்பையை மாட்டியபடியே நிறுத்தும் வழக்கம் இருந்தால் நீளத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். உயரத்துக்குச் சைலன்சர் நுனி வரை அளந்து, அதோடு 2 அடி சேர்க்கவும். தரையை முற்றத்தைவிட அரை அடி உயர்த்தி, செங்கல் ஜல்லி போட்டு இடித்துவிடுங்கள். டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து அடிக்கும். அதனால் வடக்கும் கிழக்கும் அடைப்பு, தெற்கில் வாசல். நாலு பக்கமும் அடைத்தால் ஸ்டார்ட் செய்யும்போது புகை உள்ளேயே சுழலும். அது ஆளைக் கொல்லும் புகை. 2018-ல் கஜா புயலில் தகரம் பறந்ததை உங்கள் பகுதிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தூண்களைக் கான்கிரீட் போட்டு ஊன்றி, தகரத்தை ஆணியால் அடிக்காமல் ஜே போல்ட் போட்டு முடுக்குங்கள்.

எப்படி நிறுத்துவது?

* டீசல் டேங்கை நிரப்பி வையுங்கள். காலி டேங்கில் காற்றின் ஈரம் நீராக வியர்த்து, டீசலுக்கு அடியில் தங்கும்.
* பேட்டரியில் எர்த் ஒயரை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். முனைகளில் வாசலின் தடவுங்கள்.
* ரேடியேட்டரில் போர்வெல் உப்புத் தண்ணீர் வேண்டாம், உள்ளே உப்புப் படியும். நம் ஊரில் குளிருக்காக அல்ல, துருவுக்காகவே கூலன்ட் தேவை.
* சைலன்சர் வாயில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து வையுங்கள். ஸ்டார்ட் செய்யும் முன் எடுக்க மறக்காதீர்கள்.
* ஹைட்ராலிக்கைத் தரையில் இறக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.
* 15 நாளைக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்து, அரை மணி நேரம் கொஞ்சம் ஓட்டியும் பாருங்கள். இரண்டு நிமிடம் உறும விட்டு அணைப்பது கெடுதல். இன்ஜின் சூடேறாமல், உள்ளே நீர்தான் சேரும்.
* அதற்கு முன் ஏர் கிளீனரையும் ஒயர்களையும் பாருங்கள். எலிக் கடியும் குளவிக் கூடும் அங்கேதான் இருக்கும்.

ஒரு வேலைக்கு மட்டும் இந்த வண்டியைக் கொடுக்காதீர்கள். தென்னை அடிக்கட்டையைப் பிடுங்கச் சங்கிலியை டாப் லிங்க் இடத்தில் மாட்டி இழுத்தால், முன் சக்கரம் தூக்கி, வண்டி ஓட்டுபவர் மேலேயே மல்லாந்து விழும். எதை இழுத்தாலும் கீழே உள்ள இழுவைப் பட்டையில்தான் மாட்ட வேண்டும்.

கேள்வி: "டிராக்டரின் ஆர்.சி. முடிந்து நாளாகிவிட்டது. சொந்த வயலில்தானே ஓட்டுகிறோம், புதுப்பிக்க வேண்டுமா?"

- ஒரு வாசகர், விழுப்புரம்.

பதில்: விவசாய டிராக்டருக்குப் பதிவு 15 வருடம். பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். வீட்டிலிருந்து வயலுக்குப் போகும் வழியில் நூறு அடி தார்ச்சாலை இருந்தாலும் அது பொதுச்சாலைதான். அங்கே ஒரு விபத்து நடந்து, ஆர்.சி.யும் இன்ஷூரன்ஸும் இல்லையென்றால், நஷ்டஈடு நிலத்தின் மேல் வந்து நிற்கும். சாலையில் ஏறும்போது இரண்டு பிரேக் பெடலையும் கொக்கி போட்டு இணைக்கவும் மறக்காதீர்கள்.

கேள்வி: "டிராக்டர் பி.டி.ஓ.வில் தட்டை வெட்டும் மெஷினை இணைத்திருக்கிறோம். பெரும்பாலும் நானும் மாமியாரும்தான் தட்டை போடுகிறோம். தண்டின் மேல் மூடி உடைந்துவிட்டது. அவசியம் மாற்ற வேண்டுமா?"

- ஒரு வாசகி, நாமக்கல்.

பதில்: மாற்றும் வரை மெஷினை ஓட்டாதீர்கள். பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9 சுற்று சுற்றுகிறது. முந்தானை நுனி பட்டால் கையை இழுத்துக்கொள்ளக்கூட நேரமிருக்காது. மூடி போட்ட பிறகும், முந்தானையை இடுப்பில் செருகி, மேலே சட்டை போட்டு, கூந்தலை முடிந்துகொண்டுதான் வேலை செய்ய வேண்டும். அடைப்பு எடுக்கும்போது இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, தட்டை போடுபவரே கையில் வைத்துக்கொள்ளுங்கள்.