கம்பைலர் திட்டட்டும், விடுங்கள்!

மாமா வைத்திருப்பது பாத்திர வாடகைக் கடை. அண்டாவிலிருந்து ஷாமியானா வரை எல்லாம் கிடைக்கும். பில் போட ஐபோனில் ஒரு ஆப் எழுதிக் கொடுத்தேன். முதல் முகூர்த்தம் முடிந்ததும் போன். "மாப்ளே, ஷாமியானாவுக்கு அட்வான்ஸே போடலியே உன் ஆப்! துணி கிழிஞ்சு வந்திருக்கு, இனிமே யார்கிட்ட கேக்கிறது?"

ஆப்பை எழுதியது ஸ்விஃப்ட்டில். ஆப்பிள் 2014-இல் அறிமுகம் செய்த மொழி. அதில் 'புரோட்டோகால்' என்று ஒன்று உண்டு. புரோகிதர் எழுதித் தரும் சாமான் லிஸ்ட் மாதிரி. என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும், சாமானைத் தராது. 'வாடகைப் பொருள்' என்று ஒரு புரோட்டோகால் வைத்து, தினவாடகை, டெபாசிட் என்று இரண்டு பண்புகள் கேட்டிருந்தேன். இரண்டுக்கும் 'கெட்' மட்டும். அதாவது, பில் போடும் பகுதி தொகையைப் படிக்கலாம், மாற்ற முடியாது. மாற்றவும் வேண்டுமென்றால் 'கெட் செட்'.

பொதுவாக ஒரு தாய் கிளாஸ் வைத்தால் போதாதா என்பீர்கள். ஸ்விஃப்ட்டில் கிளாஸுக்கு ஒரே தாய்தான், ஸ்ட்ரக்டுக்கு அதுவும் கிடையாது. புரோட்டோகால்களை எத்தனை வேண்டுமானாலும் ஏற்கலாம்.

என் தப்பு வேறு இடத்தில். கரண்டி, தட்டுக்கெல்லாம் டெபாசிட் கிடையாது. ஒவ்வொன்றிலும் பூஜ்யம் எழுத அலுப்பு. 2015-இல் வந்த ஸ்விஃப்ட் 2 முதல், புரோட்டோகாலுக்கு எக்ஸ்டென்ஷன் எழுதலாம். அதில் மதிப்பைச் சேமிக்க முடியாது, கணக்கிட்டுத் தரலாம். தினவாடகையிலிருந்து மூன்று நாள் வாடகையைப் போட அது அருமையான வசதி. நானோ அங்கே 'டெபாசிட் கேட்டால் பூஜ்யம் கொடு' என்று எழுதிவிட்டேன்.

ஷாமியானாவில் மாமா சொல்கிற வழக்கப்படி 'அட்வான்ஸ்' என்று பெயர் வைத்து, தொகையைச் சரியாகவே போட்டிருந்தேன். எக்ஸ்டென்ஷன் இல்லாதிருந்தால், "டெபாசிட் எங்கே?" என்று கம்பைலர் அங்கேயே சிவப்புக் குறி போட்டு நிறுத்தியிருக்கும். கைவசம் ஒரு பூஜ்யம் இருந்ததால் அதை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போய்விட்டது. 'அட்வான்ஸ்' கேட்பாரற்றுக் கிடந்தது.

அன்று ராத்திரியே அந்த எக்ஸ்டென்ஷனை அழித்தேன். ஏழு இடத்தில் சிவப்பு. ஆறு இடத்தில் கையாலேயே பூஜ்யம் எழுதினேன். ஏழாவது ஷாமியானா.

தையல் கூலியை மாமா என்னிடம்தான் வாங்கினார்.