நர்சம்மா ஏற வேண்டிய வாசல்கள்

1902இல் நியூயார்க் நகரப் பள்ளிகளுக்கு மருத்துவர்கள் வந்து பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். கண்நோய், படர்தாமரை, தலையில் பேன் என எது தென்பட்டாலும் சீட்டு எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். செப்டம்பர் மாதத்தில் மட்டும் இப்படித் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகள் 10,567 பேர். வீட்டுக்குப் போன பிள்ளை தெருவில் அதே கூட்டாளிகளோடு விளையாடியது. பிழைப்புத் தேடி வந்து குடியேறிய பெற்றோர் பலருக்கு அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஹென்றி தெருவில் ஏழைகளுக்கான செவிலியர் இல்லத்தை நடத்திவந்த லில்லியன் வால்ட், தம்மிடமிருந்த லீனா ரோஜர்ஸ் என்ற செவிலியரைப் பரீட்சார்த்தமாகச் சில பள்ளிகளுக்கு அனுப்பினார். ரோஜர்ஸ் பள்ளியிலேயே புண்ணுக்கு மருந்து போட்டார். மாலையில் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்த் தாய்மாருக்குச் செய்முறை காட்டினார். திட்டம் மற்ற பள்ளிகளுக்கும் விரிந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் 1,101 பேர்தான். நோயும் மருந்தும் மாறவில்லை. பிள்ளையின் பின்னாலேயே வீடுவரை போக ஓர் ஆள் கிடைத்தார், அவ்வளவுதான்.

சமுதாய நலச் செவிலியத்தின் கோட்பாடுகள் எல்லாமே அந்த வீடுவரையிலான நடையிலிருந்து பிறந்தவை எனலாம். குடும்பமே பராமரிப்பின் அலகு, கவனிப்பு தொடர்ச்சியாக இருக்க வேண்டும், சாதி மத அரசியல் வேறுபாடு கூடாது, அன்பளிப்பு வாங்கக் கூடாது என்று செவிலிய மாணவிகள் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறார்கள். கடைசி விதி வெறும் ஒழுக்க உபதேசம்போலத் தோன்றும். ஆனால் ஊருக்குள் ஒரு வீட்டில் இளநீர் குடித்துவிட்டுக் காலனியில் தண்ணீர்கூட வேண்டாம் என்கிற நர்சம்மாவை எண்ணிப் பாருங்கள். அடுத்த மாதம் குழந்தைக்கு எடை பார்க்கக் கூப்பிட்டால் காலனிப் பெண்கள் வருவார்களா? நடுநிலை இங்கே தொழில் நுட்பம்.

தமிழ்நாட்டில் இந்தக் கோட்பாடுகளைச் சுமந்து நடப்பவர் கிராம சுகாதார செவிலியர். சமவெளியில் சுமார் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. பலன் கண்கூடு: 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி மாநிலத்தில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. கர்ப்பிணிகளில் 48 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

இந்த இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது முரண் அல்ல. பிரசவம் மருத்துவமனையில் நடக்கும் காரியம். ரத்தம் ஊறுவது அடுப்படியில். இரும்புச்சத்து மாத்திரை எல்லா இடத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. விழுங்கினால் குமட்டுகிறது, மலம் கறுக்கிறது, வயிறு கட்டிக்கொள்கிறது. போதாக்குறைக்கு, பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டால் மாத்திரை அலமாரியிலேயே தங்கிவிடும். இராச் சாப்பாட்டுக்குப் பிறகு போடு, உடனே காபி குடிக்காதே என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும். கூடவே மாமியாரையும் உட்காரவைத்துப் பேச வேண்டும். கொல்லைப்பக்கம் செருப்பில்லாமல் நடக்கிறாளா என்று பார்க்க வேண்டும், கொக்கிப்புழு பாதத்தின் வழியாகத்தான் நுழைகிறது. வெளிநோயாளிப் பிரிவில் அமர்ந்திருக்கும் எவ்வளவு கெட்டிக்கார மருத்துவருக்கும் அந்தக் கொல்லை தெரியாது.

தெரிந்துகொள்ள வேண்டியவரின் நேரம் இப்போது திரைக்குப் போகிறது. இணையப் பதிவு வேலை வீட்டுப் பார்வையைத் தின்கிறது என்பது செவிலியர் சங்கங்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் குறை. பதிவே வேண்டாம் என்பது அசட்டுத்தனம். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகும் பெண்ணின் விவரத்தை அந்த ஊர் நர்சம்மா ஓர் எண்ணை வைத்து எடுத்துவிட முடிகிறது. கவனிப்பு அறுந்துபோகாமல் காப்பதற்குக் கணினியைவிட நல்ல கருவி இல்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. எத்தனை மாத்திரை கொடுத்தோம் என்று பதியப்படுகிறது, எத்தனை உள்ளே போயிற்று என்பதற்குக் கட்டம் இல்லை.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுசெல்கிறது. வாசலேறும் வேலையின் மதிப்பை அரசு அறியாமல் இல்லை என்பதற்கு இதுவே சாட்சி. ஆனால் மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர், குடும்பத்தின் நெளிவுசுளிவு அறிந்த செவிலியருக்கு மாற்றாகிவிட முடியாது.

அரசு செய்யக்கூடியது பெரிய செலவுள்ள காரியமும் அல்ல. பதிவு வேலைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனி ஆளைப் போடலாம். செவிலியரின் பணியை மதிப்பிடும்போது பதிவேட்டில் நிரம்பிய கட்டங்களை எண்ணுவதற்குப் பதிலாக, முதல் பரிசோதனையில் 9 கிராம் ஹீமோகுளோபினோடு வந்த பெண் பிரசவத்துக்குப் போகும்போது 11ஐத் தொட்டாளா என்று கேட்கலாம்.