தோடியின் காந்தாரமும் தானாக மெட்டுப்போடும் பிளக்-இன்னும்

ஒவ்வோர் ஆண்டும் கோடை முடியும் தறுவாயில், பாரிஸின் லா சப்பல் பகுதியில் மாணிக்க விநாயகர் தேரேறுகிறார். 1985இல் தொடங்கிய அந்த ஆலயத்தின் தேர் 1996 முதல் வீதிக்கு வருகிறது. தெரு நெடுக உடைபடும் தேங்காய்களின் சத்தத்தையும் மீறி நாதஸ்வரமும் தவிலும் கேட்கும். தவில்காரர் ஒரு தீர்மானம் வைக்கப்போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்கு 8 அட்சரம். அட்சரத்துக்கு 4 மாத்திரை வீதம் 32. எட்டு மாத்திரையில் ஒரு சொல்லை வாசிக்கிறார், நாலு மாத்திரை கார்வை விடுகிறார், மறுபடி எட்டு, மறுபடி நாலு, கடைசியாக ஓர் எட்டு. கூட்டினால் சரியாக 32. அடுத்த அடி சமத்தில் விழும்போது, தாளம் என்றால் என்னவென்றே தெரியாமல் வேடிக்கை பார்க்க வந்தவரின் தலையும் சேர்ந்து ஆடும்.

இந்தக் கணக்கைக் கணினி கண் இமைப்பதற்குள் போட்டுவிடும். 17ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி 12 சுரத்தானங்களை அடுக்கி 72 மேளங்களாக வகுத்ததும் இப்படிப்பட்ட கணக்குதான். ஆகவே ‘இசையில் இயந்திரத்துக்கு என்ன வேலை’ என்று தமிழர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள நியாயமில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. இன்று கடைக்கு வரும் தானியங்கி இசையமைப்பு பிளக்-இன்கள் எந்தக் காதைக் கொண்டு செய்யப்பட்டவை? அந்தக் காதில் லா சப்பலின் நாதஸ்வரம் விழுமா?

பிளக்-இன் என்பது கியூபேஸ், எஃப்.எல். ஸ்டூடியோ, லாஜிக் போன்ற ஒலிப்பதிவு மென்பொருள்களுக்குள் செருகிக்கொள்ளும் துணை மென்பொருள். 1996இல் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் வி.எஸ்.டி. என்ற பொதுமுறையைக் கொண்டுவந்த பிறகு இவை பெருகின. அதற்கும் முன்பே, 1990இல் கனடாவிலிருந்து வந்த பேண்ட்-இன்-எ-பாக்ஸ் என்ற மென்பொருளில் கார்டுகளின் (ஒருசேர ஒலிக்கும் சுரக் கூட்டுகளின்) பெயரைத் தட்டினால், டிரம்ஸ், பேஸ், பியானோ எல்லாவற்றையும் அதுவே வாசித்துக் காட்டியது. இன்று ஸ்கேலர், கேப்டன் கார்ட்ஸ் போன்றவை ஒரு மெட்டுக்குப் பொருந்தும் கார்டுகளை வரிசையாக எடுத்து நீட்டுகின்றன. லாஜிக் மென்பொருள் 2013இல் தானியங்கி டிரம்மர் ஒருவரைச் சேர்த்தது. 2024இல் பேஸ் வாசிப்பவரையும் கீபோர்ட் வாசிப்பவரையும் சேர்த்தது.

இவற்றால் விளையும் நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பாரிஸின் புறநகரில் பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பிள்ளை, நண்பன் எடுத்த குறும்படத்துக்கு இசை போட நினைக்கிறது. வயலின் குழுவை வாடகைக்கு எடுக்கக் காசில்லை. ஹார்மனி சொல்லிக்கொடுக்க ஆளில்லை. பிளக்-இன் நாலு கார்டுகளைக் காட்டி, எந்தக் கட்டைகளை அழுத்த வேண்டும் என்று திரையில் ஒளிரவும் விடுகிறது. ஒரு கார்டை மாற்றியதும் அதே மெட்டு ஏன் சோகமாகிவிட்டது என்பதை அந்தப் பிள்ளை தன் காதாலேயே கண்டுபிடிக்கிறது. ஓர் இரவுக்குள் ஸ்க்ராட்ச் ட்ராக் என்ற மாதிரிப் பதிவு தயார். வாத்தியக்காரர் வீட்டுத் திண்ணையில் வருடக்கணக்கில் உட்கார வாய்க்காத தலைமுறைக்கு இது பெரிய கொடை.

மேற்கத்திய இசையின் இலக்கணத்துக்குள் இந்த இயந்திரங்கள் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்குப் பாரிஸிலேயே சான்று இருக்கிறது. அங்குள்ள சோனி கணினி ஆய்வகத்தில் உருவான டீப்பாக் என்ற நிரல், பாஹ்வின் நாலு குரல் தேவாலயப் பாடல்களை மட்டும் படித்து, அதே பாணியில் புதியவற்றை எழுதியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் போட்டுக் காட்டியபோது, அதன் படைப்புகளை ஏறத்தாழ பாதித் தடவை பாஹ்வுடையவை என்றே அவர்கள் நினைத்தார்கள். தமிழிசைக்கு உள்ளேயும் இவற்றுக்கு இடமுண்டு. முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளுக்குச் சாகித்தியம் எழுதிய நோட்டுஸ்வரங்களைக் கொடுத்தால் பிளக்-இன் அழகாகக் கார்டு போடும். அவை சங்கராபரணத்தில், கமகம் எனும் சுர அசைவு இல்லாமல் நேர்ச் சுரங்களில் நடப்பவை.

சிக்கல் தோடி ராகத்தில் ஆரம்பிக்கிறது.

தோடியின் சுரங்களைக் கீபோர்டில் ஒவ்வொன்றாக அழுத்தினால் பிளக்-இன் உடனே ‘ஃப்ரிஜியன்’ என்று பெயர் சொல்லும். சுரங்களின் பட்டியலைப் பொறுத்தவரை அது சரிதான். இப்போது ஒருவர் மைக் முன்னால் உட்கார்ந்து தோடியில் ஒரு பிடியைப் பாடட்டும். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்தின் பக்கம் சாய்ந்து, மத்திமத்தைத் தொட்டு, ஊஞ்சல்போல் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்துக்குப் பெயர்தான் காந்தாரம். குரலைச் சுரமாக மாற்றும் கருவி இதைக் கேட்டதும் தடுமாறுகிறது. ஒன்று, ரி, ம, ரி, ம என்று துண்டு துண்டாக வெட்டித் திரையில் போடுகிறது. இல்லையென்றால் எல்லாவற்றையும் தேய்த்து நேராக்கி, ஆடாத ஒற்றைக் காந்தாரமாக நிறுத்துகிறது. அதற்கடியில் சி மைனர் கார்டைத் துணைக்கு வைக்கிறது. பொத்தானை அழுத்திக் கேட்டால் சுரங்கள் அத்தனையும் இருக்கின்றன, தோடி மட்டும் இல்லை.

தாளத்திலும் இதே கதை. மிஸ்ர சாபுவுக்காக ஏழு என்று அமைத்துக் கொடுத்தால் தானியங்கி டிரம்மர் ஏழையும் தவறாமல் தட்டுவார். ஆனால் பாடகர் எடுப்பைத் தள்ளிப் போட்டிருக்கிறார், அடுத்த வரியில் மூச்சு வாங்கப்போகிறார், அந்த இடத்தில் கையை அடக்க வேண்டும் என்பது அந்த டிரம்மருக்குத் தெரியாது. தெட்சணாமூர்த்தி போன்ற தவில் மேதைகளைத் தந்த யாழ்ப்பாணத்துக் காதுக்கு, இப்படி எதையும் கேட்காமல் வாசிக்கும் தாளம் பக்கவாத்தியமே ஆகாது.

இந்தக் குறையின் வேர் பழையது. 1983இல் வந்த மிடி என்ற மின்னணு மொழி ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் எண்ணைக் கொடுத்தது. மொத்தம் 128 எண்கள், ஸ்தாயிக்குப் பன்னிரண்டு. பியானோவின் கட்டைகளை அப்படியே எண்ணாக்கிய ஏற்பாடு அது. சுரத்தை வளைக்க ஒரு வழி இருந்தாலும், ஒரு தடத்தில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களும் சேர்ந்தே வளைந்தன. 2018இல் எம்.பி.இ. என்ற முறை வந்த பிறகு ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக வளைக்கலாம். 2020இல் மிடி 2.0 வந்து அந்த வளைவை இன்னும் நுணுக்கமாக்கியது. ஆக, கமகத்தை எழுதிக்கொள்ளக் கணினிக்கு இன்று மொழி இருக்கிறது. மெட்டுப்போடும் பிளக்-இன்களைச் செய்பவர்களுக்குத்தான் அதைக் கேட்டுப் பழகிய காது இல்லை.

தமிழ்நாட்டின் இசை வரலாற்றில் இந்த வழக்கு புதியதும் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரின் வயலினைக் கற்றார். தரையில் சம்மணமிட்டு, வயலினின் தலையைக் காலில் ஊன்றி, கை தாராளமாக வழுக்கிச் செல்லும்படி அதைப் பிடித்தார்கள் நம் வித்வான்கள். வயலின் வளைந்து கொடுத்தது. கச்சேரியில் பிரிக்க முடியாத துணையானது. ஆர்மோனியம் வளையவில்லை. கமகம் பேசாது என்பது அதன்மீதான முக்கியமான குற்றச்சாட்டு; அகில இந்திய வானொலி 1940இல் அதைத் தள்ளிவைத்து, மீண்டும் சேர்த்துக்கொள்ள 1971 வரை ஆனது. பின்னால் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வந்தார். மாண்டலினின் இரட்டைத் தந்திகளை எடுத்துவிட்டு ஐந்து ஒற்றைத் தந்திகளைக் கட்டி, மின்சாரத்தால் நாதத்தை நீளச் செய்து, அதில் தோடியையே வாசித்துக் காட்டினார். எந்த ஊர்க் கருவி என்று யாரும் பார்க்கவில்லை. கமகத்துக்கு வளைகிறதா என்று பார்த்தார்கள். பிளக்-இன்னுக்கும் இந்த அளவுகோலே போதும்.

அப்படி வளையக்கூடிய இயந்திரத்துக்கான விதை பாரிஸில்தான் இருக்கிறது. 1962இல் யானிஸ் செனாகிஸ் ஐ.பி.எம். 7090 கணினியின் நிகழ்தகவுக் கணக்கைக் கொண்டு இசை எழுதிய ஊர் இது. பியர் பூலேஸ் நிறுவிய இர்காம் ஆய்வுக்கூடம், பாம்பிடூ மையத்தின் அருகே, லா சப்பலிலிருந்து முக்கால் மணி நேர நடையில் இருக்கிறது. அங்கே உருவான ஓமாக்ஸ் என்ற மென்பொருள் ஆயத்தக் கார்டு எதையும் நீட்டுவதில்லை. மேடையில் வாசிப்பவரை முதலில் கேட்கிறது, அவருடைய பிடிகளை அங்கேயே மனப்பாடம் செய்கிறது, பிறகு அவற்றை வேறு விதமாகக் கோத்துப் பதில் வாசிக்கிறது. ஓமாக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான மார்க் ஷெமிலியே, இதே வழியில் வந்த மென்பொருளைக் கொண்டு மடகாஸ்கரின் மரோவானி வாத்தியக் கலைஞர்களோடும் வேலை செய்தார். சோனி ஆய்வகத்தில் பிரான்சுவா பாஷே செய்த கண்டினியூவேட்டரும் இந்த வகைதான். 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் கீபோர்டில் எதையாவது தட்ட, அதே சாயலில் அது பதில் சொல்லும். குழந்தைகள் தட்டுவதை நிறுத்திவிட்டுக் காதுகொடுக்கக் கற்றுக்கொண்டார்கள்.

குரு ஒரு சங்கதி பாட, சீடர் திருப்பிப் பாடுவதும், பாடகரின் கற்பனாசுரத்துக்கு வயலின் பதில் சொல்வதும் இதே முறைதான். தமிழிசைக்குப் பொருத்தமான இயந்திரம், கேட்டுப் பதில் சொல்லும் இயந்திரம். சந்தையில் மலிந்து கிடப்பதோ கேட்காமலே கொடுக்கும் இயந்திரம்.

கேட்காமல் கொடுப்பது அடுத்த கட்டத்துக்கும் போய்விட்டது. பிளக்-இன் கார்டு தருவதோடு நிற்கிறது. புதிதாக வந்துள்ள சேவைகள் இரண்டு வரி எழுதிப்போட்டால் முழுப் பாட்டையே தருகின்றன. பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட இணைய இசைத் தளமான டீசர், 2025 ஜனவரியில் நாளொன்றுக்கு 10,000 பாடல்கள் இப்படி முழுக்க இயந்திரத்திலிருந்து தன்னிடம் வருவதாகச் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் அந்த எண்ணிக்கை 50,000 ஆனது. அப்போது அன்றாடம் அங்கே வந்து சேர்ந்த பாடல்களில் இது 34 விழுக்காடாக இருந்தது. 1851 முதல் இசைப் படைப்பாளிகளின் உரிமைத் தொகையை வசூலித்துவரும் பிரான்சின் சாசெம் சங்கமும் ஜெர்மனியின் கேமாவும் 2024இல் வெளியிட்ட ஆய்வு, 2028க்குள் படைப்பாளிகளின் வருமானத்தில் 27 விழுக்காடு வரை ஆபத்தில் இருக்கும் என்று மதிப்பிட்டது. அதே ஆய்வில் 35 விழுக்காட்டினர் தாங்களும் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியதாகச் சொல்லியிருக்கிறார்கள். பயமும் பயனும் ஒரே வீட்டில்தான் குடியிருக்கின்றன.

இந்த நிலையில் செய்யக்கூடிய வேலைகள் மூன்று.

இசை கற்பிக்கும் ஆசிரியர்கள் பிளக்-இன்னை வகுப்புக்குள் அனுமதிக்க வேண்டும். ஒளித்துப் பயன்படுத்தும் பிள்ளைக்கு அதன் குறை தெரியவே தெரியாது. தோடியைப் பாடச் சொல்லி, மென்பொருள் அதை என்ன செய்கிறது என்று திரையில் காட்டினால், கமகம் என்றால் என்ன என்பது பத்தே நிமிடத்தில் விளங்கிவிடும். இரண்டாவதாக, மெட்டும் குரலும் மனிதரிடமே இருக்க வேண்டும். சுருதி, டிரம்ஸ், பின்னணித் தந்திகள் ஆகியவற்றை இயந்திரத்திடம் விடலாம். ராகத்தின் மீது ஹார்மனி வரவே கூடாது என்பதில்லை. இளையராஜா 1986இல் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில் தியாகராஜரையும் பாஹ்வையும் ஒன்றாக உட்கார வைத்தார். எங்கே கார்டு பேச வேண்டும், எங்கே வாயை மூட வேண்டும் என்று அவர் காது முடிவு செய்தது.

மூன்றாவது வேலைதான் பெரியது. இயந்திரத்துக்குக் காது வேண்டுமென்றால் பதிவுகள் வேண்டும். பார்சலோனாவின் பொம்பேவ் ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2011இல் தொடங்கிய காம்ப்மியூசிக் திட்டம், சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்களையும் சேர்த்துக்கொண்டு கர்நாடக இசைப் பதிவுகளைத் தொகுத்து, ராகத்தின் வளைவுகளைக் கணினிக்குப் புரியவைக்க முயன்றது. நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும், குறிப்பாக யாழ்ப்பாண மரபுக்கு, அதே அக்கறையோடு ஒரு தொகுப்பு வர வேண்டும். கலைஞரின் எழுத்துப்பூர்வ சம்மதமும் அவருக்கான தொகையும் அதில் முதல் நிபந்தனை. 2024இல் ‘லால் சலாம்’ படத்துக்காக, மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கியபோது, குடும்பத்தாரின் அனுமதி பெற்று உரிய தொகை கொடுத்ததாக ஏ.ஆர்.ரஹ்மான் வெளிப்படையாக அறிவித்தார். சாசெம் 2023இல், தன் உறுப்பினர்களின் படைப்புகளை முன் அனுமதியின்றி இயந்திரப் பயிற்சிக்கு எடுக்கக் கூடாது என்று உரிமையைத் தன் வசம் வைத்துக்கொண்டது. பிரான்சில் பாட்டெழுதும், மெட்டுப்போடும் தமிழ் இளைஞர்கள் அந்தச் சங்கத்தில் பெயர் பதிந்துகொள்வது தங்கள் உழைப்புக்கு வேலி போடுவதாகும்.

தேருக்கு நாதஸ்வரம் வாசிக்க வருகிறவர்கள் ஊர் திரும்புமுன், ஒரு பிற்பகலை ஒலிப்பதிவுக் கூடத்தில் கழிக்க யாராவது ஏற்பாடு செய்யலாம். அரை மணி நேரத் தோடி ஆலாபனை, ஒரு மல்லாரி, தவில் தனி. ஒவ்வொரு பிடியையும் வித்வானே பெயர் சொல்லிக் குறித்துத் தர, பக்கத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்து பதிய லா சப்பலில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.