பழைய டேபைத் தூக்கிப் போடாதீங்க!

“கண்ணு, என் டேப்பு செத்துப்போச்சு. புதுசு வாங்கணும், எது நல்லா இருக்கும்னு பார்த்துச் சொல்லு!”

ராசிபுரத்திலிருந்து பெரியப்பா போன் செய்தார். மரவள்ளி போடுகிறவர். காலையில் காபியோடு செய்தி, மதியம் கிழங்கு விலை, ஜவ்வரிசி விலை எல்லாம் அந்த டேபில்தான் படிப்பார். போனில் எழுத்து பொடிசாக இருப்பதால் கண் வலிக்குமாம்.

ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பார்த்தேன். பேட்டரி நிற்கிறது, ஸ்கிரீனில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால், குரோமில் பல தளங்களைத் திறந்தால் ‘உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று வருகிறது. தேதி, நேரம் தப்பாக இருந்தாலும் இப்படி வரும். முதலில் அதைப் பார்த்தேன். சரியாகவே இருந்தது.

டேபில் இருப்பது ஆண்ட்ராய்டு 6. அதற்கு குரோம் 106-வது பதிப்போடு நின்றுவிட்டது. சிக்கல் அது மட்டுமல்ல. ஒவ்வொரு இணையதளமும் நம்மிடம் ஓர் அடையாள அட்டையைக் காட்டும். அதில் கையெழுத்துப் போட்டது நம்பகமான அமைப்புதானா என்று பார்க்க டேபுக்குள் ஒரு பட்டியல் இருக்கும். ஏராளமான தளங்களுக்கு இலவசமாக இந்த அட்டையைத் தருவது ‘லெட்ஸ் என்க்ரிப்ட்’ என்ற அமைப்பு. ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய பட்டியல்களில் அதன் பெயர் கிடையாது. பழைய கருவிகளுக்காகச் செய்திருந்த மாற்று ஏற்பாடும் 2024 செப்டம்பர் 30-ல் முடிந்துவிட்டது.

இதற்கு வழி, பட்டியலைத் தானே கொண்டுவரும் பிரவுசர். ஃபயர்ஃபாக்ஸ் அப்படிப்பட்டது. பிளே ஸ்டோரில் அந்த டேபுக்குப் பொருந்தும் பதிப்பு கிடைத்தது. போட்டதும் திறக்காத தளங்கள் திறந்தன. கொஞ்சம் மெதுவாகத்தான். அதனால் ஓபரா மினியையும் போட்டேன். அதிகச் சிக்கன முறையில் வைத்தால், பக்கத்தைத் தன் சர்வரிலேயே சுருக்கி அனுப்பும். பழைய டேபுக்குச் சுமை குறைவு.

ஓபரா மினி நமக்குப் பழக்கப்பட்டதுதான். நோக்கியா பட்டன் போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலத்தில், அதன் அமைப்பில் ஒன்றை மாற்றினால் எழுத்துகள் படமாக வந்து சேரும். அப்படித்தான் பலர் போனில் முதன்முதலாகத் தமிழ் படித்தார்கள்.

பெரியப்பாவுக்கு ஒரே சந்தோஷம். “அப்போ பேங்க் வேலையையும் இதுலயே பார்த்துக்கலாமா?” என்றார்.

“அது மட்டும் வேண்டாம் பெரியப்பா” என்றேன். பிரவுசரை மாற்றினாலும் உள்ளே இருப்பது பழைய ஆண்ட்ராய்டுதான். ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் இனி வராது. பாஸ்வேர்டு, ஓடிபி, ஆதார் எண் எதையும் அதில் அடிக்கக் கூடாது. பேங்க் ஆப்பை எடுத்துவிட்டேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டேப் பீரோவில் தூங்கினால், தேதியைச் சரிபாருங்கள். பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் வேறு பிரவுசர் போட்டுப் பாருங்கள். யாரோ அனுப்பும் ஆப் ஃபைல் வேண்டவே வேண்டாம்.

கிளம்பும்போது பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிழங்கு விலை பார்த்துக்கொண்டிருந்தார். “படிக்க டேப்பு, பணத்துக்கு போனு. சரிதான கண்ணு?”

சரிதான் பெரியப்பா!