அரை வைத்தியர் என்னும் ஆட்சேபம்

இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2023 ஜூன் மாதம் வெளியிட்ட நீண்டகாலப் பணியாளர் திட்டத்தில், ஆஸ்பத்திரியில் சம்பளத்தோடு தொழில் பழகிக்கொண்டே வைத்தியப் பட்டம் பெறும் புதிய மார்க்கம் ஒன்று பிரஸ்தாபிக்கப்பட்டது. இப்படி வருகிறவர் அரை வைத்தியராகவே இருப்பார் என்று அதைக் கண்டிப்பவர்கள் ஓயாமல் சொல்லி வருகிறார்கள். நோயாளியின் உயிரைப் பற்றிய கவலையிலிருந்து பிறந்த வாதமாகையால் அதை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. அங்கம் அங்கமாக எடுத்துப் பரிசீலித்தே பதில் சொல்ல வேண்டும்.

சர்வகலாசாலைப் படிப்பிலிருந்து தப்பிச் செல்லும் குறுக்கு வழி இது என்பது முதல் ஆட்சேபம். திட்டத்தை வாசித்தவர் எவரும் இப்படிச் சொல்ல மாட்டார். அங்கீகாரம் பெற்ற கலாசாலையில் மற்ற மாணவர் பெறும் அதே பட்டத்தைத்தான் இந்த மார்க்கத்தில் வரும் பயிலுநரும் பெற்றாக வேண்டும்; பொது மருத்துவக் கவுன்சில் உரிமத்துக்கென்று விதித்திருக்கும் பரீட்சையிலும் அவருக்குச் சலுகை எதுவும் கிடையாது. வருஷத்துக்கு 9,000 பவுனுக்கு மேற்பட்ட கட்டணத்தைக் கடனாகச் சுமக்காமல், உழைப்புக்கு ஊதியம் பெற்றுக்கொண்டே அவர் படிப்பார் என்பதே வித்தியாசம்.

தொழில் பழகி வைத்தியராவது விஞ்ஞானம் வளராத காலத்து வழக்கம், அது ஒழிந்தது நன்மைக்கே என்பது அடுத்த வாதம். அந்த வழக்கத்தில் குறைகள் மலிந்திருந்தன என்பதை நான் மறுக்கவில்லை. குருவின் கடையில் மருந்து இடித்தும் புட்டி கழுவியுமே வருஷங்களைக் கழித்த பையன்கள் பலர். ஆயினும் யார்க் நகரத்துக் கூலியாள் ஒருவரின் மகனான ஜான் ஸ்நோ, 1827இல், பதினான்கு வயதில், நியூகாஸிலில் ஒரு வைத்தியரிடம் பயிலுநராகச் சேர்ந்திராவிட்டால், வேறெந்த வாசல் வழியாக வைத்தியத்துக்குள் நுழைந்திருப்பார்? சில வருஷங்களில் அவ்வூரைக் காலரா தாக்கியபோது, கில்லிங்வொர்த் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரைக் கவனிக்க அந்த இளைஞரைத்தான் அனுப்பினார்கள். பிற்பாடு அவர் லண்டன் சென்று முறையாகப் படித்து, 1844இல் உயர்பட்டமும் பெற்று, 1854இல் பிராட் தெருவின் குழாய்த் தண்ணீரே காலராவைப் பரப்புகிறதென்று எடுத்துக்காட்டினார். பழக்கமும் படிப்பும் ஒரே மனிதரிடம் சேர்ந்ததால் விளைந்த நன்மை இது. 2023ஆம் வருஷத்துத் திட்டம் கோரியதும் அந்தச் சேர்க்கையைத்தான்.

கண்டனக்காரர்கள் சாட்சியாக அழைக்கும் ஆபிரகாம் பிளெக்ஸ்னரும் அவர்கள் பக்கம் முழுவதும் நிற்கவில்லை. அமெரிக்க வைத்தியக் கல்வியைப் பற்றி 1910இல் வெளியான அறிக்கையில் அவர் சாடியது, ஆய்வுக்கூடமும் ஆஸ்பத்திரியும் இல்லாமல் லாபத்துக்காக நடத்தப்பட்ட கல்லூரிகளை. அவர் முன்மாதிரியாகக் காட்டிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியக் கலாசாலையிலோ, அங்கே பேராசிரியராயிருந்த வில்லியம் ஆஸ்லரின் ஏற்பாட்டின்படி மாணவர்கள் வார்டுக்குள் புகுந்து, நோயாளியின் வரலாற்றைக் கேட்டு எழுதி, உடலைப் பரிசோதித்து, படுக்கையருகிலேயே பாடம் கற்றார்கள். நம் பெரியாஸ்பத்திரிகளில் இரவெல்லாம் விழித்திருக்கும் ஹவுஸ் சர்ஜனும் தொழில் பழகுகிறவரே அல்லவா?

எல்லாவற்றிலும் கனமானது மூன்றாவது ஆட்சேபம்: சம்பளம் கொடுக்கும் ஆஸ்பத்திரி, ஆள் பற்றாக்குறை நேரும்போதெல்லாம் மாணவரைப் படிப்பிலிருந்து இழுத்து வேலையில் போட்டுவிடும் என்பது. இந்த அபாயம் மெய்யானது. பழைய புட்டி கழுவும் பையனின் கதி புதிய உடுப்பில் திரும்பி வரக்கூடும். ஆனால் இங்கிலாந்தின் பயிலுநர் விதிகளே வேலைக்கு அப்பாற்பட்ட கல்விக்கெனத் தனி நேரத்தைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. அந்த நேரத்தைக் களவாடும் ஆஸ்பத்திரியிடமிருந்து பயிலுநரை எடுத்துக்கொள்ளும் அதிகாரம் கலாசாலைக்கு இருக்க வேண்டுமென்று கோருவதே நியாயம். காவல் தேவை என்பதற்காக வாசலையே அடைத்துவிடச் சொல்வது எப்படிப் பொருந்தும்?

கடைசியாக, யோக்கியதை குறைந்துவிடும் என்கிறார்கள். வைத்தியக் கல்லூரிகளின் இடங்களில் மிகப் பெரும் பங்கை வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகளே பெற்றுவரும் ஒரு தேசத்தில், யோக்கியதையை அளக்க ஒரே வாசல் போதும் என்பது எனக்கு உடன்பாடில்லை. வைத்தியராக விரும்பிய எலிசபெத் காரெட் என்ற பெண்ணின் சரித்திரத்தை இவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். லண்டன் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் உடன் பயின்ற ஆடவர்களே எதிர்த்து மனுக் கொடுத்து, சர்வகலாசாலைகளும் இடம் மறுத்துவிட்ட நிலையில், அவர் வைத்தியம் செய்ய உரிமம் வழங்கிவந்த மருந்தாளர் சங்கத்து உறுப்பினர் ஒருவரிடம் பயிலுநராகி, தனியாகப் பாடம் கேட்டு, 1865இல் அச்சங்கத்தின் பரீட்சையில் தேறினார். சட்டப்படி மறுக்க வழியில்லாததால் சங்கம் உரிமம் கொடுத்தது. கொடுத்த பிறகு, அங்கீகரிக்கப்பட்ட கல்லூரிகளில் பயின்றவர்களை மட்டுமே இனிப் பரீட்சைக்கு அனுமதிப்பதென்று விதியை மாற்றிக்கொண்டது. அக்கல்லூரிகளில் பெண்களுக்கு இடமில்லை. காரெட்டின் சிகிச்சையில் குறை கண்டு செய்த மாற்றமல்ல அது; அவர் பின்னால் இன்னொரு பெண் வந்துவிடக் கூடாதென்றே செய்யப்பட்டது.