கழிமரமும் கைத்தொழிலும்

கைபேசியை நிறுத்திவைக்கும் சிறு தாங்கியொன்றைக் கடையில் சொற்ப விலைக்கு வாங்கிவிடலாமே; அதனைக் கழிமரத்தால் நாமே செய்வானேன் என்று மாணாக்கர் பலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. காசு மிச்சமாவது ஒன்றே பயனாயின் அம்முயற்சி வேண்டுவதில்லை. பயன் வேறு, அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருவண்ணாமலையில் கார்த்திகைப் பெருவிழாவின் ஏழாம் நாள் ஐந்து தேர்கள் மாட வீதிகளில் வலம் வருகின்றன. அவற்றின் மரவேலையைக் கண்டு வியவாதார் இலர். ஆயினும் அங்ஙனம் வியக்கும் கற்றோருள் ஒரு பலகையையேனும் தம் கையால் அறுத்தவர் எத்துணைப் பேர்? தொழிலைப் புகழ்வதும் தொழிலாளியினின்று விலகி நிற்பதும் நம்மிடம் ஒருங்கே குடிகொண்டுள்ளன.

அவ்வூரிலேயே இதற்கு மாறான முன்மாதிரியும் உண்டு. 1896-ஆம் ஆண்டு அங்கு வந்து, 1950-இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்த ரமண மகரிஷி, கொட்டாங்கச்சிகளைத் தேய்த்து மெருகேற்றிக் கிண்ணங்களாக்கினார். காகிதத் துண்டுகளையும் வீணாக்காது சேர்த்துத் தைத்தார். முட்கிளையொன்றைப் பல மணி நேரம் செதுக்கி வழவழப்பாக்கிய கைத்தடியை, தன் கோலை இழந்து நின்ற இடையச் சிறுவனுக்கு அவர் ஈந்ததை அன்பர்கள் எழுதிவைத்துள்ளனர். சமயக் கொள்கையில் வேறுபடுவோரும் இச்செயலினின்று கற்கலாம்.

கல்வியறிஞரும் இவ்வுண்மையை உணர்ந்தனர். பின்லாந்து தேசம் 1866-ஆம் ஆண்டின் சட்டத்தால் கைத்தொழிலைப் பள்ளிப் பாடமாக்கிற்று. நம் நாட்டில், 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாட்டில், கைத்தொழில் வழியே கல்வி என்னும் திட்டத்தைக் காந்தியடிகள் முன்வைத்தார்.

நிற்க. தாங்கி செய்யும் முறை எளிது. தச்சுப் பட்டறையில் விறகுக்கென ஒதுக்கிய வேப்பந்துண்டோ தேக்குத்துண்டோ போதும். பழைய பெட்டிப் பலகையாயின் ஆணிகளை முதலில் களைக. முன்பின்னாக நான்கு அங்குலமும், குறுக்கே மூன்று அங்குலமும், ஓரங்குலக் கனமும் இருத்தல் நலம். முன்விளிம்பினின்று ஓரங்குலம் தள்ளி, கைபேசியின் கனத்தைவிடச் சற்றே அகன்ற காடியை அரையங்குல ஆழத்தில் குறுக்காக இடவேண்டும். கைபேசி சற்றுப் பின்சாயுமாறு ரம்பத்தைச் சாய்த்து இருமுறை அறுத்து, நடுவிலுள்ளதை உளியால் எடுத்து, உப்புத்தாளால் தேய்த்தால் வேலை முடிந்தது.

ஆனால், சாய்வு மிகுந்தால் தாங்கி கைபேசியோடு பின்னே கவிழும். முன்விளிம்பு மெலிந்தால் உடையும். காடி குறுகினால் கைபேசி நுழையாது. எழுத்துத் தேர்வில் சொற்சாமர்த்தியம் ஓரளவு காப்பாற்றலாம். மரத்திடம் அது செல்லாது. அளவு பிழையாயின் மீண்டும் அறுப்பதன்றி வேறு வழியில்லை. இந்நேர்மையே கைத்தொழில் தரும் முதற் கல்வி.

இரண்டாவது கல்வி இதனினும் பெரிது. ஒரு தாங்கி செய்தவன் தச்சனாகிவிடான். ஆயின், நேரான ஒரு காடிக்கு எத்துணைப் பயிற்சி வேண்டுமென்பதை அறிவான். அடுத்த முறை தச்சரின் கூலியைப் பேரம் பேசுமுன் இருமுறை எண்ணுவான். நூறு சொற்பொழிவுகளால் விளையாத மரியாதை, ஒரு மாலை நேர உழைப்பால் விளையுமன்றோ?

ஆதலின் நம் கலாசாலை விடுதிகள்தோறும் ஒரு வேலைமேசையும், ஒரு ரம்பமும், சில உளிகளும் வைத்தல் வேண்டும். வாரம் ஒரு மாலை தச்சர் ஒருவரை வரவழைத்தல் வேண்டும். பழுதுபார்க்கும் ஆளாக அன்று, ஆசிரியராக, ஆசிரியர்க்குரிய ஊதியத்துடனும் இருக்கையுடனும்.